க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்க மறுத்தால்… வாசகர் கேள்வி – பதில்

ஆக்ஸிலேட்டரைக் கையால் பிடிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைப்பது க்ரூஸ் கன்ட்ரோல். நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் பைக்குகளில் அது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பல கடிதங்களில் "மாட்யூல் போய்விட்டதாம், மாற்றச் சொல்கிறார்கள்" என்ற வரி இருக்கிறது. க்ரூஸை இயக்கும் மின்னணுப் பெட்டிதான் மாட்யூல். அதற்குப் பணம் கட்டும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தனக்கு வரும் சிக்னல்களில் ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தாலும் உடனே விலகிக்கொள்ளும்படிதான் க்ரூஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. பிரேக், க்ளட்ச், ஆக்ஸிலேட்டர், கியர், சக்கர வேகம் என எல்லாப் பக்கமிருந்தும் அதற்குச் சம்மதம் வர வேண்டும். வராதது எது என்று தேடுவதுதான் இந்தப் பழுதில் பாதி வேலை. மாட்யூலே கெட்டுப்போவது அபூர்வம்.

கேள்வி: மெயின் பட்டனைப் போட்டால் மீட்டரில் க்ரூஸ் விளக்கு எரிகிறது. ஆனால் 80 கி.மீ. வேகத்தில், அந்த வேகத்தைப் பிடித்துவைக்கும் செட் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. க்ரூஸ் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மெயின் விளக்கு எரிவதால் மாட்யூலுக்குக் கரன்ட் போகிறது என்று தெரிகிறது. அதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்வதில்லை. வேகம் பிடிக்கப்பட்டதும் நிறம் மாறும் விளக்கோ, ‘செட்’ என்ற இரண்டாவது விளக்கோ வருகிறதா என்று பாருங்கள். அது ஒரு நொடி வந்து அணைந்தால், செட் கட்டளை போய்ச் சேர்ந்து உடனே ரத்தாகிறது. வரவே இல்லையென்றால் கட்டளை போய்ச் சேரவில்லை, அல்லது ஏதோ ஒரு ரத்து சிக்னல் முன்பே நின்றுகொண்டிருக்கிறது.

முதலில் பிரேக் விளக்கு. இக்னிஷனைப் போட்டு வண்டியின் பின்னால் நின்று பாருங்கள். எந்த பிரேக்கையும் தொடாதபோது விளக்கு முழுவதும் அணைந்திருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் மங்கலாக எரிவது தெரியாது, நிழலில் நிறுத்திப் பாருங்கள். அடுத்து முன் லீவரை மட்டும் இழுத்துப் பாருங்கள், பிறகு பின் பெடலை மட்டும் மிதித்துப் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக விளக்கு எரிய வேண்டும். விளக்கே எரியவில்லை என்றாலும் க்ரூஸ் பிடிக்காமல் போகலாம். பிரேக் விளக்கின் ஃபியூஸ் போனாலோ பல்பு போனாலோ பிரேக் சிக்னல் வரும் வழியை நம்ப முடியாது என்று பல மாட்யூல்கள் எடுத்துக்கொள்ளும். க்ரூஸ் ஃபியூஸை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது க்ளட்ச் ஸ்விட்ச். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "க்ளட்சைப் பிடித்தால் கியரில் ஸ்டார்ட் ஆகிறது, ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். லீவரை விட்ட பிறகும் ‘பிடித்திருக்கிறது’ என்ற நிலையிலேயே ஸ்விட்ச் சிக்கியிருந்தாலும் வண்டி அப்படித்தான் ஸ்டார்ட் ஆகும். க்ரூஸுக்கு ஆகாதது அந்த நிலைதான். சில பைக்குகளில் ஸ்டார்ட்டருக்கு ஒன்று, க்ரூஸுக்கு ஒன்று என இரண்டு ஸ்விட்ச்கள் உண்டு. அவற்றில் ஸ்டார்ட் ஆவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லீவருக்கு அடியில் இருக்கும் இரண்டு முனை கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஸ்விட்ச் பக்கம் அளந்து பாருங்கள். லீவர் விட்ட நிலையிலும் பிடித்த நிலையிலும் அளவு தெளிவாக மாற வேண்டும்: ஒன்றில் ஏறத்தாழ பூஜ்யம், மற்றொன்றில் முழுத் துண்டிப்பு. இடையில் 30 ஓம், 200 ஓம் என்று தடுமாறினால் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. முன் பிரேக் லீவரின் ஸ்விட்சையும் இதே முறையில் பார்க்கலாம்.

மூன்றாவது ஆக்ஸிலேட்டர். பிடியை மூடிய நிலைக்கும் அப்பால் முன்பக்கம் லேசாகத் தள்ளினால் க்ரூஸ் ரத்தாகும் வசதி பல டூரிங் பைக்குகளில் உண்டு. அந்த ஸ்விட்ச் சிக்கியிருந்தாலும் செட் பிடிக்காது. பிடியை முன்னால் தள்ளி விடுங்கள். ஸ்பிரிங் அதைத் தானாகப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

இவற்றோடு, மீட்டரில் ஏபிஎஸ், இன்ஜின், டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் நழுவாமல் தடுக்கும் அமைப்பு) விளக்குகளில் ஏதாவது எரிந்துகொண்டிருந்தால் க்ரூஸை விட்டுவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். டிராக்ஷன் கன்ட்ரோலை நீங்களே அணைத்து வைத்திருந்தாலும் சில மாடல்களில் க்ரூஸ் வராது. 40 – 50 கி.மீ. வேகத்துக்குக் கீழேயும் முதல் இரண்டு கியர்களிலும் செட் ஏற்காத வண்டிகளும் நிறைய உண்டு. அது பழுதில் சேராது.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனால் பழுதுக் குறியீட்டை மட்டும் படிக்கச் சொல்லாதீர்கள். ‘லைவ் டேட்டா’ பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு லீவரையும் பட்டனையும் அழுத்தி, திரையில் நிலை மாறுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். குறியீடே பதிவாகாத பழுதுகள் அங்கே வெளிப்படும். செட் பட்டனை அழுத்தும்போது திரையில் அசைவே இல்லையென்றால் கோளாறு பட்டனில்தான் என்று அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய டூரிங் பைக். பிரேக் விளக்கை எல்இடிக்கு மாற்றியதிலிருந்து க்ரூஸ் போய்விட்டது. விளக்கு பிரமாதமாக எரிகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நேரடிச் சம்பந்தம் உண்டு. பழைய க்ரூஸ் மாட்யூல்களும், பின்னால் வாங்கிப் பொருத்தும் பல கிட்களும் பிரேக் விளக்குக்குப் போகும் வயரைத்தான் கண்காணிக்கின்றன. பிரேக் பிடித்தால் அந்த வயரில் 12 வோல்ட் வரும். பிடிக்காதபோது, பல்பின் இழை வழியாக அதே வயர் எர்த்தோடு சேர்ந்திருக்கும். 21 வாட் பல்பின் இழை குளிர்ந்த நிலையில் ஓரிரு ஓம்தான், ஆகவே மாட்யூல் அங்கே சுத்தமான பூஜ்யத்தைப் பார்க்கும். எல்இடி போட்டதும் அந்த எர்த் வழி மறைந்துவிடுகிறது. வயர் அந்தரத்தில் தொங்குகிறது. அதில் மிதக்கும் சிறு வோல்ட்டேஜைப் பார்த்து, பிரேக் பிடித்திருப்பதாகவோ வயர் அறுந்திருப்பதாகவோ மாட்யூல் முடிவு செய்துவிடுகிறது.

உறுதிசெய்ய, பிரேக்கைத் தொடாமல் அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் அளவெடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இல்லாமல் ஒன்று, இரண்டு வோல்ட் காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. பிறகு எல்இடியைக் கழற்றிப் பழைய பல்பைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

தீர்வு மூன்று. பின்விளக்கில் இரண்டு பல்பு இருந்தால் ஒன்றை மட்டும் பழைய இழை பல்பாகவே வைத்துக்கொள்வது எளிது, எங்கள் சிபாரிசும் அதுதான். இரண்டாவது, எல்இடிக்கு இணையாக 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர். பிரேக் பிடித்திருக்கும் நேரமெல்லாம் இது ஏறத்தாழ 30 வாட் வெப்பத்தை வெளிவிடும். சிவப்பு விளக்கில் பிரேக்கைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றால் கை வைக்க முடியாது. பிளாஸ்டிக்கிலும் வயர் கட்டிலும் படாமல் உலோகத்தின்மேல் திருகி வையுங்கள்.

மூன்றாவது, ஐந்து முனை ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே மாறும் ஸ்விட்ச். அதன் முனைகளில் எண்கள் இருக்கும். 86-இல் பிரேக் விளக்கு வயர், 85-இல் எர்த். க்ரூஸின் பிரேக் கண்காணிப்பு வயரை 30-இல் கொடுத்து, 87ஏ-யை எர்த்திலும் 87-ஐ பிரேக் விளக்கு வயரிலும் சேருங்கள். பிரேக் பிடிக்காதபோது மாட்யூல் எர்த்தைப் பார்க்கும், பிடித்தால் 12 வோல்ட்டைப் பார்க்கும். ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ரிலேயின் காயில் வயர் அறுந்தால் நீங்கள் பிரேக் பிடிப்பது மாட்யூலுக்குத் தெரியாமலே போகும். வேறு தனி ரத்து வழி உள்ள வண்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். வயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்து மூடுங்கள். ஒவ்வொரு பயணத்தின் முதல் காலியான சாலையிலும் க்ரூஸைப் போட்டு இரண்டு பிரேக்கிலும் ரத்தாகிறதா என்று பாருங்கள்.

ஆக்ஸிலேட்டர் கேபிளுக்குப் பதில் மின்னணு த்ராட்டில் உள்ள புதிய பைக்குகள் பெரும்பாலும் பிரேக் ஸ்விட்சையே நேரடியாகப் படிக்கின்றன. அவற்றில் எல்இடி மீது பழி போடும் முன் மற்றதைப் பாருங்கள்.

கேள்வி: அலங்கார லீவர்கள் மாற்றினேன். அன்றிலிருந்து க்ரூஸ் இல்லை. கடைக்காரர் சம்பந்தமே இல்லை என்கிறார்.

பதில்: லீவரின் அடிப்பகுதியில் ஸ்விட்சின் பொத்தானை அழுத்தும் சிறு நாக்கு ஒன்று இருக்கும். கம்பெனி லீவரைவிட அது அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே லீவர் விட்ட நிலையில் ஸ்விட்ச் முழுதாக அழுந்தாது. பழைய லீவரைப் பொருத்திப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. க்ரூஸ் திரும்பி வந்தால், புது லீவரின் நாக்குக்கும் ஸ்விட்சுக்கும் உள்ள இடைவெளிதான் காரணம். ஸ்விட்சின் திருகு ஓட்டையில் நகர்த்த இடமிருந்தால் சற்று நகர்த்தலாம். இல்லையென்றால் வேறு லீவர் வாங்குங்கள். நாக்கின்மேல் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். வெயிலில் பசை உருகி டேப் நகர்ந்தால் பிரேக் விளக்கு எரிந்தபடியே இருக்கும், அல்லது எரியவே எரியாது.

கேள்வி: க்ரூஸ் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் மேடு பள்ளம் வந்தால் தானாக விடுபடுகிறது. சில நாள் நல்ல சாலையிலும் அரை மணி நேரம் ஓடிய பிறகு விடுபடுகிறது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள், நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

பதில்: நிறுத்தி வைத்துப் பார்ப்பதால்தான் அகப்படவில்லை. ஓடும்போது பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சிறிய 12 வோல்ட் எல்இடி ஒன்றை எடுத்து, பிரேக் விளக்கின் பாசிட்டிவ் வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு 1 ஆம்பியர் ஃபியூஸோடு இணையுங்கள். நீண்ட வயரில் முன்னால் கொண்டுவந்து மீட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். வயர் ஹேண்டில்பாரில் சிக்காதபடி டேப் போடுங்கள். இனி க்ரூஸ் விடுபடும் நொடியில் அந்த எல்இடி மினுக்கினால் குற்றவாளி பிரேக் ஸ்விட்ச். மினுக்காமல் விடுபட்டால் க்ளட்ச், ஆக்ஸிலேட்டர் ஸ்விட்ச், வேக சிக்னல், மின்சாரம் ஆகிய நான்கில் ஒன்று. ஒரே ஓட்டத்தில் தேடல் பாதியாகிவிடும்.

மேடு பள்ளத்தில் விடுபட்டால் முதல் சந்தேகம் பின் பிரேக் ஸ்விட்சின் மேல்தான். பெடலோடு ஒரு சிறு ஸ்பிரிங்கால் இணைந்த ஸ்விட்சில் மேலே ஒரு பெரிய மரை இருக்கும். விளக்கு சீக்கிரம் எரியட்டும் என்று யாரோ அதை அதிகமாகத் திருகியிருந்தால், பெடல் தன் எடையால் அதிரும்போதே ஸ்விட்ச் தொட்டுவிடும். ஸ்விட்சின் உடலைக் கையால் பிடித்துக்கொண்டு மரையை மட்டும் திருகுங்கள். உடலும் சேர்ந்து சுற்றினால் வயர் அறுந்துபோகும். பெடலின் விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் சும்மா நகரும் தூரம்) தீர்ந்து, பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் விளக்கு எரிந்தால் சரி. ஷூவின் முனை பெடலின்மேல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீண்ட ஓட்டத்தில் கால் தன்னை அறியாமல் அங்கே போய் அமரும். முன் லீவரில் இரண்டு விரலை வைத்தபடியே ஓட்டும் பழக்கமும் இதே வேலையைச் செய்யும். பேட் டிஸ்க்கைத் தொடும் முன்பே ஸ்விட்ச் மாறிவிடும்.

அரை மணி நேரம் கழித்து விடுபடுவதை அலட்சியம் செய்யாதீர்கள். சில பைக்குகளில் பின் பிரேக்கின் ஸ்விட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும். பெடலில் விளையாட்டே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் நுண்ணிய ஓட்டை அடைபட்டே இருக்கும். ஓட ஓட பிரேக் எண்ணெய் சூடாகி விரிந்து, போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஸ்விட்ச் மூடும், விளக்கு எரியும், க்ரூஸ் விடுபடும். அதோடு பேட்டும் டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும். விடுபட்டதும் பாதுகாப்பாக ஓரம் கட்டி, கையைப் பின் டிஸ்க்கின் அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். பிரேக்கே போடாமல் வந்த டிஸ்க்கில் அனல் அடித்தால் க்ரூஸை மறந்துவிட்டு பிரேக்கைச் சரிசெய்யுங்கள். பின் சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு முந்தைய கட்டம் இது.

எல்இடி மினுக்காமல் விடுபட்டால் ஹேண்டில்பார் கழுத்துப் பகுதிக்கு வாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அங்கே வயர் கட்டு மடங்கி நிமிர்கிறது. வெளித்தோல் நன்றாக இருந்தாலும் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, சந்தேகப்படும் வயரின் இரு முனையிலும் பொருத்தி, ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். ஓசை ஒரு கணம் விட்டாலும் வயர் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் விளக்கு, போன் சார்ஜர் என்று பின்னால் சேர்த்த வயர்களால் அந்தக் கட்டு இறுகியிருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள்.

கேள்வி: வேகம் 90-இல் செட் செய்தால் 86-க்கு இறங்கி 93-க்கு ஏறி, மறுபடி இறங்குகிறது. பின்னால் அமர்ந்திருப்பவருக்குத் தலை சுற்றுகிறது.

பதில்: க்ரூஸை அணைத்துவிட்டு, சமமான சாலையில் ஆக்ஸிலேட்டரைக் கையால் அசையாமல் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இன்ஜின் துள்ளினால் கோளாறு க்ரூஸில் இல்லை. த்ராட்டில் பாடியில் கரி, இன்டேக் ரப்பரில் விரிசல், தேய்ந்த த்ராட்டில் பொசிஷன் சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். தேய்ந்த சென்சாருக்கு ஓர் அடையாளம் உண்டு. நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் மட்டும் துள்ளும், 20 கி.மீ. கூட்டினால் சரியாகிவிடும். அந்த ஒரே இடத்தில்தான் அது அதிகம் தேய்ந்திருக்கும்.

கையால் ஓட்டும்போது சீராக இருந்தால் செயினுக்கு வாருங்கள். தளர்ந்த செயினில் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் முதலில் தொய்வு இறுகி, பிறகுதான் சக்கரத்துக்குச் சக்தி போகும். அந்தத் தாமதத்தைப் போதாமை என்று எண்ணி க்ரூஸ் இன்னும் கொஞ்சம் திறக்கும், பிறகு அதிகமாகிவிட்டது என்று மூடும். தொய்வு எவ்வளவு என்பது ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும். பல டூரிங் பைக்குகளில் 30 – 40 மி.மீ. வட்டாரம். ஒரே இடத்தில் அளக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளவெடுத்து, அதிக இறுக்கமான இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். இடத்துக்கு இடம் 10 மி.மீ. வித்தியாசம் வந்தால் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றும் காலம் வந்துவிட்டது.

கேபிள் இழுக்கும் பழைய வகையில், க்ரூஸ் கேபிளின் தளர்வும் இதைச் செய்யும். செட் அழுத்தியதும் 4 – 5 கி.மீ. விழுந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் தளர்வு அதிகம். நேர்மாறாக, ஐடிலிங் தானாக ஏறிவிட்டால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. தளர்வை ஓரிரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஐடிலிங் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு மரையைப் பூட்டுங்கள். பின்னால் பொருத்திய கிட்டாக இருந்தால் உணர்திறன் அமைப்பு ஒன்று இருக்கும். கார்களுக்காகச் செய்த கிட்கள் எடை குறைந்த பைக்குக்கு மிகவும் வேகமாக வினைபுரியும். ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: வேக்கம் வகை க்ரூஸ். சமவெளியில் வேகம் அசையாமல் நிற்கிறது. மேட்டில் ஏறும்போது மட்டும் வேகம் கரைந்து விடுபட்டுவிடுகிறது.

பதில்: இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுதான் இந்த வகை ஆக்ஸிலேட்டரை இழுக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் திறக்கத் திறக்க, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் உறிஞ்சல் குறையும். அதிக பலம் வேண்டிய நேரத்தில் பலம் கிடைக்காது. இதைச் சமாளிக்கத்தான் ஒரு வேக்கம் டப்பாவும், ஒரு திசையில் மட்டும் காற்றை விடும் வால்வும் வைத்திருக்கிறார்கள். டப்பாவில் விரிசலோ வால்வில் கசிவோ இருந்தால் நீங்கள் சொல்லும் அறிகுறிதான் வரும்.

வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று தாராளமாகப் போக வேண்டும், மறு பக்கம் அறவே போகக் கூடாது. டப்பாவையும் குழாய்களையும் கை வேக்கம் பம்பில் மாட்டி 50 கிலோபாஸ்கல், அதாவது 15 அங்குலப் பாதரச அளவுக்கு இழுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை இழுக்கும் உறுப்பான க்ரூஸ் சர்வோவை மட்டும் இப்படிச் சோதிக்காதீர்கள். கரன்ட் இல்லாதபோது காற்றை வெளியே விட்டுவிடும் வால்வு அதனுள் திறந்தே இருக்கும், நல்ல சர்வோவும் அழுத்தத்தைப் பிடிக்காது. இது தெரியாமல் நல்ல சர்வோக்களை எறிந்துவிடுகிறார்கள். ரப்பர் குழாய்களில் விரிசல் பெரும்பாலும் முனையில், நிப்பிளில் ஏறும் இடத்தில்தான் வரும். நீளம் இருந்தால் 10 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி ஏற்றினால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் இருவரும் பெட்டிகளுமாக செங்குத்தான ஏற்றத்தில் டாப் கியரில் இழுக்கவில்லை என்றால், ஒரு கியர் குறைத்து மறுபடி செட் செய்யுங்கள்.

கேள்வி: பின் டயர் மாற்றிய பிறகு ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை, க்ரூஸும் வேலை செய்யவில்லை.

பதில்: இரண்டும் ஒரே காரணம்தான், சக்கர வேக சென்சார். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபோது சென்சாரின் வயர் இழுபட்டிருக்கலாம், சென்சார் படிக்கும் பல் வளையம் டயர் இயந்திரத்தில் வளைந்திருக்கலாம், அல்லது ஸ்பேசர் இடம் வலமாக மாறி சென்சார் இடைவெளி கூடியிருக்கலாம். சக்கரத்தைக் கையால் சுற்றி, வளையம் அலைகிறதா என்று ஓரத்திலிருந்து பாருங்கள். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளியை நாலு இடத்தில் அளந்து வண்டியின் மேனுவலோடு ஒப்பிடுங்கள். சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடையுங்கள். சரிசெய்த பிறகு நின்ற இடத்திலேயே விளக்கு அணையாது. சற்று தூரம் உருட்டி ஓட்டினால்தான் சுய பரிசோதனை முடியும். கம்பெனி சொன்ன அளவில்லாத டயர் போட்டிருந்தால் முன் – பின் சக்கர வேக விகிதம் மாறி, நழுவுகிறது என்று டிராக்ஷன் கன்ட்ரோல் நினைக்கும். க்ரூஸும் விடுபடும்.

கேள்வி: மழையில் ஓட்டியதற்கும் வாட்டர் வாஷ் கொடுத்ததற்கும் பிறகு செட் பட்டன் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை. பழைய வேகத்துக்குத் திரும்பச் சொல்லும் ரெஸ்யூம் பட்டனை அழுத்தினால் ரத்தாகிறது!

பதில்: பட்டன்கள் குழம்புவது ஒரு நல்ல தடயம். பல பைக்குகளில் செட், ரெஸ்யூம், கேன்சல் மூன்றும் ஒரே வயர் வழியாகப் பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மதிப்புள்ள ரெசிஸ்டர். எந்த மதிப்பு வந்தது என்பதை வைத்து எந்தப் பட்டன் என்று வண்டியின் கணினியான ஈசியூ கண்டுபிடிக்கிறது. ஈரமும் களிம்பும் சேர்ந்தால் மதிப்பு மாறி ஒரு பட்டன் இன்னொன்றாகத் தெரியும், அல்லது எந்தப் பட்டனாகவும் தெரியாது.

பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் பெட்டியின் இரண்டு திருகுகளை எடுத்துப் பிரித்துவிடுங்கள். உள்ளே தாவி விழக் காத்திருக்கும் சிறு ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கலாம், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் க்ளீனரை அடித்து ஒவ்வொரு பட்டனையும் இருபது முப்பது தடவை அழுத்திவிட்டு முழுதாகக் காய விடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தாதீர்கள், அது தூசியை ஒட்டவைக்கும். டைஎலக்ட்ரிக் கிரீஸை கனெக்டரின் ரப்பர் சீலில் மட்டும் பூசுங்கள். பட்டனின் தொடுமுனையில் வேண்டாம். வாட்டர் வாஷில் பிரஷர் துப்பாக்கியை ஹேண்டில்பார் ஸ்விட்ச்களுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள்.

கேள்வி: கைப்பிடியைச் சூடாக்கும் ஹீட்டட் கிரிப்பும், ஹேண்டில்பார் முனையில் எடைக் குண்டும் போட்டேன். க்ரூஸ் வேலை செய்கிறது. ஆனால் ரத்தான பிறகும் வண்டி கொஞ்சம் இழுப்பது போல இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பதில்: பிரமை இல்லை, இன்றே பாருங்கள். மின்னணு த்ராட்டில் உள்ள வண்டியில், க்ரூஸ் பிடித்திருக்கும்போது பிடி தளர்ந்து மூடிய நிலைக்குத் திரும்ப வேண்டும். உங்கள் பிடி எடைக் குண்டிலோ ஸ்விட்ச் பெட்டியிலோ உரசி, பாதி திறந்த நிலையில் நிற்கிறது. பிரேக்கைத் தொட்டதும் க்ரூஸ் விலகுகிறது, ஆனால் பிடி கேட்கும் அளவு எரிபொருளை இன்ஜின் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இன்ஜினை அணைத்து, பிடியை முழுதாகத் திறந்து விடுங்கள். ‘டக்’ என்று மூட வேண்டும். ஹேண்டில்பாரை இடம், வலம், நடு என மூன்று நிலையிலும் பாருங்கள். பிடிக்கும் குண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி வேண்டும். ஹீட்டட் கிரிப்பின் வயர், பிடி சுழலும்போது எதிலும் மாட்டாத திசையில் போக வேண்டும்.

கேள்வி: க்ளட்ச் ஸ்விட்சின் இரண்டு வயரையும் நேராகச் சேர்த்துவிட்டால் க்ரூஸ் வேலை செய்யும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கூடாது. க்ரூஸ் ஓடும்போது க்ளட்சைப் பிடித்தால் இன்ஜின் சுமையிழந்து சீறும், அதைத் தடுப்பது அந்த ஸ்விட்ச்தான். பழுதைக் கண்டுபிடிக்க நிறுத்திய வண்டியில் ஒரு நிமிடம் சேர்த்துப் பார்ப்பது வேறு. அப்படியே சாலைக்குப் போவது வேறு. பிரேக் ஸ்விட்சில் இதைச் சோதனைக்குக்கூடச் செய்யாதீர்கள்.

கேள்வி: க்ரூஸுக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டர் பிடியை இறுக்கும் த்ராட்டில் லாக் போதுமா?

பதில்: அது பிடியைத்தான் நிறுத்திவைக்கும், வேகத்தை அல்ல. ஏற்றத்தில் வேகம் குறையும், இறக்கத்தில் கூடும். பிரேக் பிடித்தாலும் விடுபடாது. மணிக்கட்டைச் சில நொடி உதறிக்கொள்ள மட்டும் உதவும். கையால் திருகினால் எதிர்ப்பில்லாமல் மூடும்படி வைக்க முடியாத லாக்கை வாங்காதீர்கள்.

கேள்வி: முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றும், ரேடார் உள்ள அடாப்டிவ் க்ரூஸ் பைக். மழையில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத்து வருகிறது. நின்றிருந்த லாரியைப் பார்த்தும் வேகம் குறைக்கவில்லை. சென்சார் பழுதா?

பதில்: இரண்டுமே பெரும்பாலும் பழுதில்லை. 2020-இல் அறிமுகமான டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4-இல் தொடங்கி இன்று பல பைக்குகளில் வரும் இந்த ரேடார்கள் முகப்பில், ஒரு தட்டையான பிளாஸ்டிக் முகத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அதன்மேல் சேறு, பூச்சி, கெட்டியான நீர்ப்படலம் படிந்தால் ரேடார் தானே விலகிக்கொள்ளும். மென்மையான துணியும் சோப்பு நீரும் போதும். பாலிஷ் போடாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், அதன் முன்னால் கூடுதல் விளக்கோ நம்பர் பிளேட்டோ வரக் கூடாது. முகப்பில் சிறு இடி பட்டிருந்தாலும், முன் பகுதியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் சர்வீஸ் சென்டரில் ரேடாரின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ஓரிரு டிகிரி விலகினாலும் அடுத்த தடத்தில் போகும் வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கும்.

நின்றிருந்த லாரி விஷயம் முக்கியம். நகரும் வண்டிகளைப் பின்தொடரவே இவை அமைக்கப்பட்டுள்ளன. பிஎம்டபிள்யூ தன் பைக்குகளின் கையேட்டில், நின்றிருக்கும் வாகனங்களுக்கு இந்த அமைப்பு வினைபுரியாது என்றே எழுதியிருக்கிறது. சுங்கச் சாவடி, சிக்னல், நெரிசலின் வால் ஆகியவை தென்பட்டதும் பிரேக்கை நீங்களே பிடியுங்கள். வளைவில் முன்னால் போகும் வண்டியை ரேடார் தவறவிட்டால், செட் செய்த வேகத்துக்கு வண்டி திடீரென்று ஏறத் தொடங்கும். வளைவுகள் நிறைந்த மலைச் சாலையில் அதை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டுங்கள்.